கடலுக்கு அடியில் ஒரு குரல்

நுழையும்முன்

நிலத்தில் நிகழும் விபத்தைக் கண்ணால் காணலாம். காரணத்தைத் தேடி அறியலாம். நடுக்கடலில் மறையும் விமானம் எதையும் விட்டுச் செல்வதில்லை. அப்படி மறைந்த ஒரு படைவிமானத்தையும், அதைப் பேசவைத்திருக்கக்கூடிய ஒரு சிறு கருவியையும் பற்றி, செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில் பிறந்த பொறியாளர் ஒருவர் எழுதும் கட்டுரை இது.

கரை காட்டும் ஒளி

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டுகிறது. ஏணி சார்த்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் விளக்கு ஏற்றுவார்கள். கடலில் திசையறியாது வரும் கலங்கள் அந்த ஒளியைக் கண்டு கரைசேரும். அந்த நீர்ப்பெயற்று மாமல்லபுரத்தை ஒட்டிய பகுதியே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பின்னாளில் மாமல்லபுரக் குன்றின் உச்சியில் பல்லவர் எழுப்பிய ஒலக்கணேசுவரர் கோயிலும் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்ட வட்டக் கோபுரம் இன்றும் அதன் அருகிலேயே நின்று ஒளி வீசுகிறது.

கலங்கரை விளக்கம் புயலைத் தடுப்பதில்லை, அலையை அடக்குவதில்லை. "கரை இங்கே இருக்கிறது" என்ற ஒரே செய்தியை அது இரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இருக்குமிடத்தைச் சொல்வது எத்தனை பெரிய காவல் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டில் அதே கடலின் மேல் பறந்த ஒரு விமானத்துக்கு அந்தக் காவல் இல்லாமல் போனது.

எங்கள் வானம்

கோவளத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல். வடமேற்கே, சில காவதத் தொலைவில், தாம்பரம் விமானப்படைத் தளம். விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வருகிறது. ஆகவே, பயிற்சி விமானங்களின் ஒலி கேளாத பகற்பொழுதே எங்கள் பகுதியில் அரிது. வலையை உலர்த்திக்கொண்டே அண்ணாந்து பார்த்த சிறுவர்களுள் ஒருவனாக நானும் வளர்ந்தேன். பின்னர், குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விமானங்களின் பாதுகாப்புத் தொடர்பான பணியில் இருந்தேன்.

அந்தப் பணியில் நான் கற்றது ஒன்று. விமானத்தில் உள்ள பாதுகாப்புக் கருவிகள் மூவகைப்படும். விபத்து நேராமல் தடுப்பவை முதல்வகை. நேர்ந்துவிட்டால் உயிரைக் காப்பவை இரண்டாம் வகை. அவ்விரண்டும் பயன்படாதபோது, நடந்தது என்ன என்பதை உலகுக்கு உரைப்பவை மூன்றாம் வகை. முதலிரண்டின் சிறப்பை எல்லாரும் உணர்வர். மூன்றாம் வகையை மட்டும், "எல்லாம் முடிந்தபின் அது எதற்கு?" என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் முதலிரண்டும் மூன்றாவதிலிருந்தே பிறக்கின்றன.

நண்பனை இழந்தவரின் கைவண்ணம்

2025ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று பிற்பகலில், தாம்பரத்திலிருந்து புறப்பட்ட பிலாட்டஸ் பி.சி. 7 பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. செய்தியை அறிந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "விமானி என்ன ஆனார்?" என்பதே. அவர் விமானத்திலிருந்து வெளியேறி உயிர் தப்பினார் என்ற மறுமொழி வந்தபோது நிம்மதி பிறந்தது.

அவரைக் காத்தது வெளியேற்றும் இருக்கை. விமானி ஒரு பிடியை இழுத்த நொடியில் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூடு விலகவோ உடையவோ செய்யும். இருக்கையின் அடியில் உள்ள வெடிவிசை அவரை இருக்கையோடு மேலே உந்தித் தள்ளும். பின்னர்ப் பாராசூட் விரியும். இவையனைத்தும் சில நொடிகளுக்குள் தாமாகவே நிகழ்ந்து முடிகின்றன.

இந்த இருக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஜேம்ஸ் மார்ட்டின், வாலண்டைன் பேக்கர் என்னும் இருவர் இங்கிலாந்தில் கூட்டாக விமானம் கட்டும் நிறுவனத்தை நடத்தி வந்தனர். 1942ஆம் ஆண்டு, தாங்கள் கட்டிய விமானத்தைச் சோதித்துப் பார்க்கையில் பேக்கர் உயிரிழந்தார். நண்பனை இழந்த மார்ட்டின், அதன்பின் விமானிகளின் உயிரைக் காக்கும் வழியைத் தேடுவதில் தம் கருத்தைச் செலுத்தினார். 1946ஆம் ஆண்டு அவருடைய இருக்கை, பறக்கும் விமானத்திலிருந்து ஒரு மனிதரை முதன்முறையாக வெளியேற்றிப் பத்திரமாகத் தரையிறக்கியது. அந்நிறுவனத்தின் இருக்கைகள் இதுவரை 7,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்துள்ளன. பி.சி. 7 விமானத்தில் பொருத்தப்பட்டிருப்பதும் அவர்களது இருக்கையே. எங்கோ, எப்போதோ நேர்ந்த ஒரு சாவிலிருந்து கற்ற பாடம், எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துத் திருப்போரூர் வானில் ஓர் உயிரைக் காத்தது.

ஆனால், எல்லா விமானத்திலும் இத்தகைய இருக்கை இருப்பதில்லை. ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச்செல்லும் போக்குவரத்து விமானத்தில் இருப்போர், விமானம் தம்மைக் கரைசேர்க்கும் என்ற ஒரே நம்பிக்கையோடு அமர்ந்திருக்கின்றனர்.

சொல்லாமல் போன விமானம்

2016ஆம் ஆண்டு ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை ஏறத்தாழ எட்டரை மணிக்கு, விமானப்படையின் ஏ.என். 32 போக்குவரத்து விமானம் ஒன்று தாம்பரத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்டது. விமானக் குழுவினர் உட்பட 29 பேர் அதில் இருந்தனர். அவர்களுள் 8 பேர் சீருடை அணியாத பொதுப்பணியாளர்கள். முற்பகல் பதினொன்றே முக்கால் மணியளவில் அது போர்ட் பிளேரை அடைந்திருக்க வேண்டும்.

ஒன்பது மணி கடந்து சிறிது நேரத்தில் தொடர்பு அறுந்தது. 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் இடப்பக்கம் திரும்பி, விரைந்து உயரம் இழந்தது என்பதே ரேடார் திரை தெரிவித்த இறுதிச் செய்தி. உதவி கேட்டு ஒரு சொல்லும் வரவில்லை. கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை ஆகியவற்றின் கப்பல்களும் விமானங்களும் வங்கக் கடலை வாரக்கணக்கில் சலித்தன. எதுவும் அகப்படவில்லை. செப்டம்பர் மாதத்தில், விமானத்தில் இருந்த 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

'கருதப்படுவதாக' என்னும் சொல்லின் கனத்தை நான் எங்கள் வீட்டிலேயே அறிந்திருக்கிறேன். நான் பிறப்பதற்கு முன்பே, ஓர் ஐப்பசி மாதத்தில் கட்டுமரம் ஏறிச்சென்ற என் தாத்தா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, மரமும் ஒதுங்கவில்லை. ஊர் கூடி முடிவு சொன்ன பிறகும் ஆயா அதை ஏற்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டுத் திண்ணையில் இரவுதோறும் அரிக்கேன் விளக்கு ஒன்று எரிந்தது. "இருட்டில் வந்தால் வீடு தெரிய வேண்டாமா?" என்பார். இறந்தவருக்காக அழுது தீர்க்கலாம். காணாமல் போனவருக்காக அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. தாம்பரத்து விமானத்தில் சென்ற 29 பேரின் வீடுகளிலும் அப்படி ஒரு விளக்கு எரிந்திருக்கும் என்றே அந்நாள்களில் நினைத்துக்கொண்டேன்.

கடல் ஏன் ஊமையானது?

அந்த விமானத்தில் அவசர இடங்காட்டிக் கருவிகள் இருந்தன. விபத்தின் அதிர்ச்சியில் இயங்கத் தொடங்கும் அக்கருவிகள் வானொலி அலைகளை அனுப்பும். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அவற்றைப் பிடித்து, இடத்தைத் தெரிவிக்கும். நம் மீனவர்கள் ஆபத்துக் காலத்தில் பயன்படுத்துவதற்கென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கருவியும் இதே முறையில் இயங்குவதுதான். நிலத்திலும் நீர்ப்பரப்பிலும் இது அரிய துணை. ஆனால், உப்புநீர் வானொலி அலைகளை உறிஞ்சிவிடுகிறது. கருவி கடலுக்குள் மூழ்கிவிட்டால் அது எவ்வளவு கதறினாலும் வானுக்குக் கேட்பதில்லை.

கடலுக்குள் பயணம் செய்ய வல்லது ஒலி. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. இந்த இயற்பியல் உண்மையைக் கொண்டு உருவானதே நீரடி இடங்காட்டி. உள்ளங்கையில் அடங்கும் உருளை வடிவக் கருவி அது. நீர் பட்டவுடன் தானாக விழித்துக்கொள்ளும். நொடிக்கு ஒரு முறை, 37,500 அதிர்வெண் கொண்ட ஒலித் துடிப்பை வெளியிடும். மனிதச் செவி 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாது. ஆதலால் அக்குரல் நமக்குக் கேட்பதில்லை. கப்பலிலும் நீர்மூழ்கியிலும் உள்ள சோனார் கருவிகள் அதனைக் கேட்கும். தாம்பரத்திலிருந்து சென்ற விமானத்தில் இந்தக் கருவி இல்லை.

இருந்திருந்தால் பயன் கிடைத்திருக்குமா? அதற்கு மறுமொழி இதே கடற்கரையில் உண்டு. அவ்விபத்துக்கு ஓராண்டுக்கு முன், 2015ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று, கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று மூவருடன் சென்னையிலிருந்து கண்காணிப்புப் பணிக்குப் புறப்பட்டது. தமிழகக் கடலோரத்தில் பறந்த அது, இரவில் காரைக்காலுக்கு அப்பால் ரேடார் திரையிலிருந்து மறைந்தது. அதில் நீரடி இடங்காட்டி இருந்தது. தேடிச் சென்ற கப்பலுக்கு அதன் துடிப்புகள் விட்டுவிட்டுக் கேட்டன. ஜூலை 6 அன்று சிந்துத்வஜ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அக்குரலைப் பிடித்தது. நான்கு நாள்களில், பிச்சாவரத்துக்கு அப்பால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து விமானத்தின் தரவுப்பதிவி மீட்கப்பட்டது.

இத்தகைய இடங்காட்டிகளின் மின்கலம் அந்நாளில் பொதுவாக முப்பது நாள்களே உழைக்கும். டார்னியரின் குரலை நீர்மூழ்கி கேட்டது இருபத்தெட்டாம் நாளில்! மூவரின் உயிரை அக்குரலால் மீட்க முடியவில்லை. ஆயினும் அவர்களின் குடும்பங்களுக்கு ஒரு முடிவையும், பொறியாளர்களுக்கு ஒரு விடையையும் அது கொண்டுவந்து சேர்த்தது.

தந்தையைத் தேடிய மகன்

விழுந்த விமானம் பேச வேண்டும் என்ற எண்ணமும் ஓர் இழப்பிலிருந்து பிறந்ததே. 1934ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாஸ் நீரிணையில் பயணிகள் விமானம் ஒன்று மறைந்தது. அதில் சென்றவர்களுள் ஒருவருக்கு டேவிட் வாரன் என்னும் ஒன்பது வயது மகன் இருந்தான். தந்தை அவனுக்கு இறுதியாக அளித்த பரிசு ஒரு சிறு வானொலிப் பெட்டி.

அச்சிறுவன் வளர்ந்து மெல்போர்னில் வானூர்தி ஆய்வாளர் ஆனார். 1950களில், விபத்துக்கு முன் விமானியறையில் எழும் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் பதிவுசெய்து, தீயிலும் அழியாமல் காக்கும் கருவியை உருவாக்கினார். முதலில் அதனை யாரும் பொருட்படுத்தவில்லை. விளக்கங்களைவிட வசைச்சொற்களே அதில் மிகுதியாகப் பதியும் என்று அந்நாட்டு விமானப்படை ஏளனமாகக் கருத்துரைத்தது. 1960ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நேர்ந்த ஒரு பெரும் விபத்தின் காரணத்தை அறிய இயலாமற்போன பிறகே, விமானியறை ஒலிப்பதிவைக் கட்டாயமாக்கும் முடிவு பிறந்தது. அக்கருவியைத்தான் நாம் கறுப்புப் பெட்டி என்கிறோம். உண்மையில் அதன் நிறம் பளிச்சிடும் செம்மஞ்சள். சிதைவுகளுக்கு இடையே கண்ணில் படவேண்டும் என்பதற்காக!

பெட்டி கிடைத்தால் என்ன பயன் என்பதற்கு ஏர் பிரான்ஸ் 447 சான்று. 2009ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று, 228 பேருடன் அட்லாண்டிக் கடலில் அது வீழ்ந்தது. அதன் இடங்காட்டிகள் ஓயும்வரை எவரும் அவற்றின் குரலைக் கேட்கவில்லை. இரண்டாண்டுத் தேடலுக்குப் பின், ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் பதிவிகள் கிடைத்தன. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்ததும், குழப்பமடைந்த விமானிகள் விமானத்தின் மூக்கை உயர்த்தியே பிடித்திருந்ததும் அப்போதுதான் தெரியவந்தன. உலகெங்கும் விமானிகளின் பயிற்சி திருத்தப்பட்டது. இடங்காட்டியின் மின்கலம் முப்பது நாளுக்குப் பதில் தொண்ணூறு நாள் உழைக்க வேண்டும் என்ற விதி பிறந்தது. அந்த 228 பேர் மீளவில்லை. அவர்களுக்குப் பின் பறப்பவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள் ஆயினர்.

படைவிமானத்துக்கு இது பொருந்துமா?

பயணிகள் விமானத்துக்கு ஏற்றது படைவிமானத்துக்கு ஏற்குமா என்று கேட்போர் உண்டு. அவர்களுடைய தடைகளைப் புறந்தள்ளுதல் முறையன்று. படைவிமானம் பகைவர் கண்ணில் படாமல் பறக்க வேண்டும். தன் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி அதற்கே பகையாகலாம். மிகுதியாகும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளையோ சுமையையோ குறைக்கும். பழைய விமானத்தில் புதிய கருவியைப் பொருத்தினால், அது பிற கருவிகளின் இயக்கத்தைக் கெடுக்காது என்று சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அப்பணிக்காகவே பெங்களூரில் படைவிமானத் தகுதிச் சான்று மையம் இயங்குகிறது.

இத்தடைகளை ஒவ்வொன்றாக நீரடி இடங்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பறக்கும்போது வாய் திறப்பதில்லை. நீர் பட்ட பிறகே பேசுகிறது. எனவே மறைவு கெடுவதில்லை. எடையோ மிகச் சிறிது. விமானத்தின் மற்றக் கருவிகளிலிருந்து அது மின்சாரம் பெறுவதுமில்லை. தன் சொந்த மின்கலத்தால் இயங்குகிறது. கடல் கடந்து பறக்கும் விமானத்தில் இதைப் பொருத்த மறுப்பதற்கு வலுவான காரணம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. கடலில் விழுந்தால் தானே கழன்று மிதக்கும் பதிவிகளையும் சில நாடுகளின் படைவிமானங்கள் சுமந்து செல்கின்றன.

காரணம் அறிந்ததால் பிறந்த காப்புக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நல்ல நிலையில் உள்ள போர்விமானங்கள், விமானி நினைவிழந்ததாலோ திசை மயங்கியதாலோ தரையில் மோதி அழிவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன் விளைவாக, தரையில் மோதப்போவதைக் கணினியே உணர்ந்து விமானத்தை மேலே திருப்பும் அமைப்பு அமெரிக்காவின் எஃப் 16 விமானங்களில் 2014ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு அரிசோனாவில், பயிற்சி விமானி ஒருவர் நினைவிழந்து தலைகுப்புறப் பாய்ந்தபோது அந்த அமைப்பு அவரைக் காத்தது. பத்துக்கும் மேற்பட்ட விமானிகள் இன்று அதனால் உயிரோடு இருக்கின்றனர்.

கற்ற பாடத்தை விரைந்து செயற்படுத்துவதும் பாடத்தின் ஒரு பகுதியே. விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா பான்டேன் குழு, இளம் விமானிகள் வேகமிக்க போர்விமானங்களில் ஏறுமுன் பழகுவதற்கு உயர்நிலைப் பயிற்சி ஜெட் விமானம் வேண்டும் என்று 1982ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 1997இல் போர்விமான விபத்துகளை ஆராய மற்றொரு குழு அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர், இளமையில் விமானியாக விரும்பி அவ்வாய்ப்பைப் பெறாத ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். ஹாக் பயிற்சி விமானம் படையில் முறையாகச் சேர்ந்தது 2008ஆம் ஆண்டு. பரிந்துரைக்கும் செயலுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அறிக்கை அலமாரியில் காத்திருக்கலாம். விமானி வானில் காத்திருக்க முடியாது.

3,400 மீட்டர் ஆழத்தில்

2024ஆம் ஆண்டு ஜனவரியில், ஏழரை ஆண்டுகளுக்குப் பின், கடல் ஒரு மறுமொழி தந்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆளின்றித் தானே இயங்கும் நீர்மூழ்கி ஊர்தியை ஆழ்கடலுக்குள் அனுப்பியது. சோனார் கருவிகளாலும் ஒளிப்படக் கருவியாலும் அது கடலடியைத் துழாவியது. 3,400 மீட்டர் ஆழத்தில், சென்னைக் கடற்கரைக்கு அப்பால், விமானமொன்றின் சிதைவுகள் படத்தில் தெரிந்தன. ஆராய்ந்தபோது அவை ஏ.என். 32 விமானத்தின் பாகங்களோடு ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறு விமானம் காணாமற்போனதாகப் பதிவும் இல்லை.

பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது நீங்கள் அறிந்த கணக்கு. அதன்படி அங்கே உள்ள அழுத்தம் நம்மீது உள்ளதைப் போல் முந்நூற்று நாற்பது மடங்குக்கு மேல். சூரிய ஒளி ஒருபோதும் எட்டாத இருள். அங்கே சென்று அதைக் கண்டுபிடித்தது நம் பொறியாளர்களின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும், உள்ளங்கை அளவுக் கருவியொன்று சில வாரங்களுக்குள் சொல்லியிருக்கக்கூடிய செய்தியை அறிய நாம் ஏழரை ஆண்டுகள் காத்திருந்தோம் என்பதும் உண்மை. அந்த ஆண்டுகளில் அதே வகை விமானங்கள் அன்றாடம் பறந்துகொண்டிருந்தன. தங்களுக்கு முன் சென்ற விமானம் ஏன் வீழ்ந்தது என்று அவற்றை ஓட்டியோருக்கு அது சொல்லவே இல்லை.

நம் பங்கு

விமானப் பாதுகாப்பு என்பது விமானியும் பொறியாளரும் மட்டுமே சுமக்கும் பொறுப்பு அன்று. பராமரிப்புக் கூடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவம் வரைந்த இடம் பலகையில் உண்டு. பணி முடிந்ததும் எல்லா இடங்களும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு திருப்புளி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் புறப்படாது. சிறு பிழையை மறைக்காமல் அறிவிப்பவரைத் தண்டிக்காமல் பாராட்டும் பண்பு எங்கே வேரூன்றியிருக்கிறதோ, அங்கே பெரும்பிழைகள் அரிதாகின்றன.

தளத்துக்கு வெளியே வாழ்வோருக்கும் பங்கு உண்டு. தெருவில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவு பருந்தையும் காக்கையையும் ஈர்க்கிறது. விமான இயந்திரத்துக்குள் புகும் ஒரு பறவை அதன் தகடுகளைச் சிதைத்துவிடும். அதனால்தான் விமானத்தளத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் அத்தகைய கழிவுகளைத் திறந்தவெளியில் கொட்டுவதை விமான விதிகள் தடைசெய்கின்றன. குப்பையை உரிய இடத்தில் சேர்க்கும் தாம்பரத்துக் குடும்பம் ஒன்று, தான் அறியாமலே ஒரு விமானியைக் காக்கிறது.

உங்களுள் சிலர் நாளை விமானம் ஓட்டலாம். சிலர் அதைப் பழுதுபார்க்கலாம். சிலர் அதற்கு எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் கோப்பில் கையெழுத்திடலாம். அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும் நாளில், செலவையும் எடையையும் கணக்கிடுங்கள், கணக்கிட்டே ஆகவேண்டும். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "இந்த விமானம் வீழ்ந்தால், அடுத்துப் பறப்பவர்களுக்கு அது என்ன சொல்லும்?" விடை மௌனமானால், கையெழுத்திடாதீர்கள்.